அந்த ஒரு மார்க்

என் வீட்டுக்காரர் தன் வாழ்க்கைக்குப் பத்துக்கு ஒன்பது மார்க் போட்டிருந்தார். மிச்சம் ஒன்று எங்கே போனது? அது தெரியாமல் எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே எட்டு மாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறோம். அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் கீழ்த்தளத்தில் வரவேற்பு மேசை. தலைமை அலுவலகத்திலிருந்து ஆளுக்கொரு தாள் வந்தது: ‘நீங்கள் எவ்வளவு நன்றாக வாழ்கிறீர்கள்? பத்துக்கு மதிப்பெண் இடவும். பெயர் வேண்டாம்.’ எழுதியதை வாங்கி அடுக்குவது என் பொறுப்பு. முக்கால்வாசிப் பேர் ஐந்து, ஆறு. பச்சை மையில் எழுதுகிற மானேஜர் மூன்று போட்டு, அடித்துவிட்டு, யோசித்து மறுபடியும் மூன்றே போட்டிருந்தார். நான் ஆறு. ஒரே ஒரு தாளில்தான் ஒன்பது, ஓரத்தில் கிரீஸ் பிடித்த கட்டைவிரல் ரேகை. பெயர் வேறு வேண்டுமாக்கும்!

ஒன்பது போட அந்த மனுஷனிடம் அப்படி என்ன கொட்டிக்கிடக்கிறது? பத்தொன்பது வருஷமாக அதே லிஃப்ட். காலையில் முதல் வேலையாக லிஃப்ட் தரையில் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்துவார். எட்டாவது மாடி போய்த் திரும்பும்வரை அது விழக் கூடாது. விழுந்தால் போச்சு, அன்றைக்கு வீட்டு ஞாபகமே வராது. பிரேக்கைத் திருகி, லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைத் துடைத்து, நாணயம் நின்ற பிறகுதான் முகம் தெளியும்.

“ஏறினவங்களுக்கு லிஃப்ட் ஞாபகமே வரக் கூடாது. பேசிட்டே ஏறணும், பேசிட்டே இறங்கணும்” என்பார். யாரும் அவரைப் பாராட்டியதில்லை. பாராட்டினாலும் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். “எதுக்குங்க ஒரு மார்க்கைக் குறைச்சீங்க?”

“ஒண்ணுமில்ல, விடு.”

அந்த ‘ஒண்ணுமில்ல’ இருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். என் சமையலா? என் குறட்டையா? போன மாதம் அவர் அக்காவிடம் நான் வாய் கொடுத்ததா? தங்கைக்கு போன் போட்டுப் புலம்பினேன். அவள் சிரி சிரி என்று சிரித்தாள். “போக்கா, எங்க வீட்டுக்காரரு போட்டா நாலு தேறாது. உனக்கு ஒண்ணுக்கு இந்த ஆட்டமா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அந்த ஒன்று நான்தான் என்றால் எனக்குத் தெரிய வேண்டாமா?

மூன்றாம் நாள் காலை, நாணயத்தை நிறுத்திவிட்டு அவர் பொத்தானை அமுக்கும் நேரத்தில் நானும் உள்ளே புகுந்துகொண்டேன். கதவு மூடியது.

“சொல்லாம நான் இறங்க மாட்டேன்.”

“மெதுவாப் பேசு, காசு விழுந்துடும்.”

“விழட்டும்!”

மூன்றாவது மாடி தாண்டியது. பிறகு நாணயத்தைப் பார்த்தபடியே சொன்னார்: “நீ ஃபைல் ரூம்ல இருந்தப்ப சீட்டியடிச்சுட்டே வேலை செய்வ. லிஃப்டுக்குப் பின்னாடி ரூம்தானே, அந்தச் சத்தம் அப்படியே மொட்டைமாடி மெஷின் ரூம் வரைக்கும் ஏறி வரும். முன் மேசைக்கு வந்ததுலேருந்து இல்ல. மூணு வருஷமாச்சு.”

முன்னால் உட்காருகிற பெண் சீட்டியடித்தால் நன்றாகவா இருக்கும் என்று மானேஜர் ஒருநாள் கேட்டதுதான் காரணம். அன்றோடு விட்டேன். வயதாகிவிட்டது, அதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“உங்க வாழ்க்கைக்குத்தானே மார்க் கேட்டாங்க? என் சீட்டிக்கா கேட்டாங்க?”

“அது இல்லாம என் வாழ்க்கைக்கு மட்டும் எப்படிப் பத்து போடறது?”

நான் அங்கேயே உதட்டைக் குவித்து ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். இரண்டு பேரும் ஆடிய ஆட்டத்தில் நாணயம் விழுந்து உருண்டது. முதல் தடவையாக அவர் அதைக் குனிந்து தேடவில்லை.

மத்தியானம் கூடத்தில் யாருமில்லை. உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடி ஊதினேன். இரண்டு தடவை இழுத்தது, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. அம்மாடி! பாட்டு பாதியில் இருக்கும்போது வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு மானேஜர் வந்து நின்றார்.

“யாரும்மா அது?”

எழுந்து நின்றேன். “நான்தான் சார்.”

லிஃப்ட் திறந்தபடி அவருக்காகக் காத்திருந்தது. ஒரு காலை உள்ளே வைத்தவர் திரும்பினார். “முடிச்சிடுங்க. பாதியில விட்டா எனக்கு நாள் பூரா மண்டைக்குள்ள ஓடும்.”

முடித்தேன். முடியும்வரை அவர் பொத்தானை அமுக்கவில்லை. உச்சியிலிருந்து தண்டவாளத்தில் ஸ்பேனரால் தாளம் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்று, படிக்கட்டில் தடதடவென்று காலடி.

எட்டு மாடியையும் இறங்கி மூச்சிரைக்க வந்து நின்றார் என் வீட்டுக்காரர். காதில் செருகிய பேனாவை எடுத்தார்.

“அந்தத் தாளக் கொடு.”

“எல்லாத்தையும் காலையிலேயே தபால்ல அனுப்பிட்டேனே.”

“அடடா, போச்சு!” என்றார், வாயெல்லாம் பல்லாக.