நீலம் பாய்ந்த உதடுகள்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரே காம்பவுண்டில், எதிரெதிர் வீடுகளில் இருந்த நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் கர்ப்பமாக இருந்தோம். அவள் ஒடிசாக்காரி. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் எனக்குப் பக்கத்தில் நிற்பாள். ஏழாம் மாதம் பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறேன் என்றாள்.

"இங்கயே பெத்துக்க கண்ணு. ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்குதல்ல."

"அம்மா அங்க இருக்கு அக்கா. இங்க என்னை யார் பாக்கும்?"

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

எனக்கு முதலில் பிறந்தது. பெண். இரண்டாம் நாள் பால் கொடுக்கும்போது குழந்தையின் உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. குளிராக்கும் என்று இன்னொரு துணியைச் சுற்றினேன். அந்நேரம் வந்த நர்ஸ் குழந்தையின் பாதத்தில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளக்கும் ஒரு கிளிப்பை மாட்டி, அதில் வந்த எண்ணைப் பார்த்தார். உடனே டாக்டரிடம் ஓடினார். இருதயத்து ரத்தக்குழாய்கள் இடம் மாறி இருக்கின்றன என்றார்கள். ஒரு மணி நேரத்தில் கோவைக்கு ஆம்புலன்ஸ், அந்த வாரமே ஆபரேஷன். முருகா என்பதைத் தவிர வேறு சொல் என் வாயில் வரவில்லை. பிழைத்துக்கொண்டாள்.

நாங்கள் வீடு திரும்பிய பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எதிர்வீட்டுத் தம்பி, அந்த ஒடிசாக்காரியின் புருஷன், போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். அவளுக்குப் பையன் பிறந்து மூன்று நாள். வீடியோவில் அவள் சிரித்தபடி குழந்தையைக் காட்டினாள்.

"பால் குடிக்க மாட்டேங்குது அக்கா. தூங்கிட்டே இருக்கு."

வெளிச்சத்துக்குக் கொண்டு வரச் சொன்னேன். வாசலுக்கு வந்தாள். அதே உதடு.

"கண்ணு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு! இப்பவே ஓடு!"

பின்னாலிருந்து அவள் அம்மா ஏதோ சொன்னார். "குளிருக்கு அப்படித்தான் ஆகும்னு சொல்றாங்கக்கா" என்றான் தம்பி. நான் மறுபடி மறுபடி கத்தியதில்தான் கிளம்பினார்கள்.

பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் அந்தக் கிளிப்கூட இல்லை. டவுனுக்குப் போகச் சொன்னார்கள். டவுனில் குழந்தை இருதயத்துக்கு டாக்டர் இல்லை, இன்னும் பெரிய ஊருக்குப் போங்கள் என்றார்கள். நான் கோவை டாக்டருக்குப் போன் போட்டு அழுதேன். ரத்த ஓட்டம் அடைபடாமல் சில நாள் தாங்க ஒரு மருந்து ஏற்றலாம், கேட்டுப் பாருங்கள் என்றார். அவள் கேட்டாள். அந்த மருந்து அங்கே இல்லை. மறுநாள் காலை, பாதி வழியில், ஜீப்பில் அவள் மடியிலேயே குழந்தை போய்விட்டது.

"இறப்புச் சர்டிபிகேட்டுல மூச்சுத்திணறல்னு எழுதியிருக்காங்கக்கா" என்று தம்பி வந்து சொன்னான். என்ன குறை என்று பார்க்கவே அங்கே ஆளில்லை. காகிதத்தைப் பார்த்தால், பிறவிக் குறையால் அந்த ஊரில் ஒரு குழந்தையும் சாகவில்லை.

நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். நான் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். நெஞ்சின் நடுவில் இறங்கும் தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் இங்க பெத்திருந்தா உயிரோட இருந்திருக்குமா?"

"தெரியலையே கண்ணு" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். பொய் சொன்னால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

தன் வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். ஈரக் கையோடு போய்க் கதவைத் தட்டினேன். கூப்பிட்டேன். திறக்கவே இல்லை.