மாடலுக்குத் தெரியாத மேற்கு வெயில்

எங்கள் ஊரில் கட்டட வரைபடத்தை மேஜையில் விரித்தால், வந்தவர் முதலில் தாளைச் சுழற்றுவார். கிழக்கு தலைப்பக்கம் வரும்வரை சுழற்றிவிட்டுத்தான் கண்ணாடியை எடுத்து மாட்டுவார். வாஸ்து அப்போதுதான் கண்ணுக்குத் தெரியுமாம். சங்கரன்கோவிலில் இருபது வருஷமாகப் படம் வரைகிற நான் சண்டை போட்டு அலுத்துப்போய், கிழக்கைத் தலைப்பக்கம் வைத்தே வரையப் பழகிக்கொண்டேன். வடக்குதான் தலைப்பக்கம் என்று கல்லூரியில் சொல்லித் தந்தவர்கள் யாரும் இங்கே வீடு கட்டவில்லை.

இந்த வயதில் எனக்கு ஓர் ஆசை வந்தது. செங்கல் வாங்குமுன்பே கட்டடத்தைக் கணினிக்குள் முழுசாகக் கட்டி, எந்தச் சுவர் எவ்வளவு சுடும், கரண்ட் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு மதிப்பெண் தருகிற மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். வகுப்பில் வாசிப்புக் கண்ணாடி போட்டிருந்தது நான் ஒருவன்தான்.

முதலில் அகப்பட்டவர் எலுமிச்சை வியாபாரி அண்ணாச்சி. புளியங்குடி ரோட்டில், காய் தரம் பிரிக்க ஒரு கொட்டகை கட்ட இருந்தார். சரக்கு வாங்குகிற கம்பெனி, கட்டடம் சுற்றுச்சூழலுக்கு உகந்ததா என்று அறிக்கை கேட்டிருந்தது. ஏசி இல்லாமல் பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்து எலுமிச்சை பொறுக்க வேண்டும், காயும் வதங்கக் கூடாது.

கணினிக்குள் நான் கட்டிய மாடலுக்கு மென்பொருள் அபாரமான மதிப்பெண் கொடுத்தது. தாளின் அடிப்பக்கச் சுவரில் வரிசையாகப் பெரிய ஜன்னல்கள் வைக்கலாம், சின்ன சன்ஷேடு போதும் என்றது. இடப்பக்கச் சுவரை மட்டும் தடிமனாக, ஜன்னலே இல்லாமல் கட்டச் சொன்னது. அப்படியே கட்டினோம்.

சுவர் ஜன்னல்களின் தலைமட்டமான லிண்டல்வரை எழும்பி, சன்ஷேடும் போட்டதும், ஒரு சாயங்காலம் லேப்டாப்போடு போய் கொத்தனாரிடம் பெருமையாகக் காட்டினேன். பக்கத்தில் கலவைச் சட்டியோடு நின்ற சித்தாள் அக்கா எட்டிப் பார்த்து, திரையில் ஜன்னல் சுவர் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டார். நீலம் என்றால் குளுமை என்றேன்.

"அப்பம் நாலு மணிக்கு மேல நாங்க ஏன் சார் இங்கன நிக்க முடியாம அங்கன ஓடுதோம்?"

கொத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு மணல் சலிக்கப் போனார்.

நான் பழக்கப்படி கிழக்கைத் தலைப்பக்கம் வைத்து வரைந்திருந்தேன். மென்பொருளுக்கு வாஸ்து தெரியாது. தாளின் தலைப்பக்கம் வடக்கு என்றே எடுத்துக்கொள்ளும். திசையை மாற்றிச் சொல்ல ஒரு பொத்தான் உண்டு, நான் தொடவில்லை. அது தெற்கு என்று நம்பி, உச்சி வெயிலைச் சின்ன சன்ஷேடே தடுத்துவிடும் என்று ஜன்னல் வைக்கச் சொன்ன சுவர், நிஜத்தில் மேற்கு. சாய்ந்த வெயில் சன்ஷேடுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்து சம்மணம் போட்டிருந்தது. அது மேற்கு என்று நினைத்த, வெயில் அதிகம் படாத வடக்குக்கோ கோட்டைச் சுவர். நேரில் பார்த்தால் மேற்கு எது என்று எனக்கும் தெரியும்தான். ஆனால் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு எவன் சூரியனைப் பார்க்கிறான்?

திசையைத் திருத்தினேன். நீலம் சிவப்பானது, மதிப்பெண் விழுந்தது. அண்ணாச்சியிடம் போய் ஒப்புக்கொண்டேன். மேற்கை அடைத்து வடக்கை உடைக்க வேண்டும் என்றேன்.

"மொதல்ல வந்த ரிப்போர்ட்டையே அனுப்பும் வே. கம்பெனிக்காரன் என்ன, இங்கன வந்து வெயில் காயவா போறான்?"

"பொறுக்குத பொம்பளையாளுக காயணுமே, அண்ணாச்சி."

"அவுகளுக்கு வெயில் புதுசாக்கும்?"

மறுநாள் நாலரை மணிக்கு அவரைக் கொட்டகைக்கு வரவழைத்து, ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டேன். உட்கார்ந்து யாருக்கோ போனில் விலை சொன்னார். பேசிக்கொண்டே நாற்காலியை ஓரடி நகர்த்தினார். வெயிலும் நகர்ந்தது. இன்னோரடி. மூன்றாம் முறை எழுந்தே விட்டார்.

"கொத்தனாரே, இதை அடைச்சிரும்."

அடைத்தோம். வடக்குச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தோம். மதிப்பெண் கொஞ்சம் ஏறியது, பழையதை எட்டவில்லை. அந்த ரிப்போர்ட்டைத்தான் அனுப்பினேன். கம்பெனி இன்னும் பதில் போடவில்லை. அண்ணாச்சி தினமும் போன் செய்து, முதல் ரிப்போர்ட் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்கிறார். அழித்துவிட்டேன் என்று தினமும் சொல்கிறேன். போனில் அவர் குரலுக்குப் பின்னால், வடக்கு ஜன்னலோரம் காய் பொறுக்குகிற பெண்களின் பேச்சு கேட்கிறது.