வாசலில் கோயில் மதில்

மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் வீட்டு முன்சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் தேடினேன். கோயில் மதிலுக்கு வண்ணம் பூசுகிறவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். எத்தனை மழைக்கும் அவர் பூச்சு அழியாது. அவரையே வரச் சொல்லிவிட்டு, தாமலில் இருக்கும் அக்காவை அழைத்துவரப் போனேன்.

மறுநாள் காலை திரும்பினால், சுவர் முழுக்கக் கோயில் மதிலைப் போலவே வெள்ளையும் காவியுமாகப் பட்டை.

"எனக்குத் தெரிஞ்சது இதாம்மா. பட்டை அடிக்கட்டான்னு உங்க வூட்டுக்காரரைக் கேட்டேன், சரின்னாரு" என்றார் அவர்.

தறியில் இழை எண்ணும்போது என் கணவர் எதற்கும் சரி என்பார்.

மாற்ற நேரமில்லை. மாப்பிள்ளையின் அம்மா வந்ததும் தெருவிலேயே செருப்பைக் கழற்றி, வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சாமி கும்பிட்டுட்டு அப்பறமா உங்க வூட்டுக்குப் போலாம்மா."

"இதாங்க எங்க வூடு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார்; கல்யாணமும் நடந்தது. எனக்குத்தான் வெட்கம் ஆறவில்லை.

இப்போதெல்லாம் பூச வருகிறவர் கடைசியாக அடித்த சுவரை நேரில் பார்த்த பிறகே வேலை கொடுக்கிறேன். ஏதாவது கேட்பதானால் என்னைக் கேளுங்கள், தறியில் இருப்பவரைக் கேட்காதீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன்.