மூன்று முழம் நல்ல தண்ணீர்

பெரியகல்லாற்றில் கிணறு இறைப்பதென்றால் செபஸ்தியாம்பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். கோயில் திருவிழா வந்தால் கூப்பிடுவார்கள், கல்யாணம் வந்தால் கூப்பிடுவார்கள், பூனை விழுந்து செத்தாலும் கூப்பிடுவார்கள். தண்ணீர் பம்பைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார். அடி மணல் தெரியும்வரை இறைத்துவிட்டு, உள்ளே இறங்கிச் சேற்றை வாரி, கொட்டுகளைத் தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்த்துக் கழுவுவார். கொட்டு என்பது கிணற்றுக்குள் இறக்கும் சிமெந்து வளையம். பிறகு மேலே ஏறி நின்று, "பழந்தண்ணி முழுக்கப் போயிற்று. மறுகா வாறதுதான் ஊத்துத் தண்ணி" என்பார். தானே அந்த ஊற்றைத் திறந்துவிட்டது போல ஒரு பெருமை முகத்தில் இருக்கும்.

ஊரும் அப்படித்தான் நம்பியது. வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் நிலத்தில், அது சரியாகவும் இருக்கலாம். பெரியகல்லாறு கிடப்பதோ கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு மணல் துண்டில். அதற்கடியில் என்ன இருக்கிறதென்று யாரும் தலையைப் போட்டு உடைக்கவில்லை. தோண்டினால் தண்ணீர் வந்தது, குடித்தார்கள்.

பிறகு சுனாமி வந்தது. கடல் எல்லாக் கிணற்றுக்குள்ளும் இறங்கிவிட்டுப் போனது. நிவாரணத்துக்கு வந்தவர்கள் செபஸ்தியாம்பிள்ளையிடம் ஒரு பெரிய மெசினைக் கொடுத்தார்கள். மனிதர் சோறு தண்ணி பாராமல் உழைத்தார். ஒரு கிணறு விடவில்லை. இறைத்தார், மறுபடி ஊறியது கரித்தது, மறுபடியும் இறைத்தார். தன் வீட்டுக் கிணற்றை மட்டும் ஒன்பது தடவை இறைத்தார். முதல் தடவை கொஞ்சம் கரித்தது. ஐந்தாம் தடவை வாயில் வைக்க முடியவில்லை. அவருக்குக் கிணற்றின் மேலேயே கோபம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு கொட்டு ஆழமாக இறக்கினார். இன்னும் கரித்தது.

அப்போது அவர் மனைவி பீற்றிஸ் வயிற்றில் பிள்ளை. பத்து வருசம் காத்திருந்து உண்டான பிள்ளை. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி சில நாள் வரும், பல நாள் வராது. வராத நாளில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் தேத்தண்ணி, அதில்தான் கஞ்சி. கஞ்சிக்கு உப்புப் போடத் தேவையில்லை என்று பீற்றிஸ் பகிடி விட்டிருக்கிறாள். ஐந்தாம் மாதம் கால் வீங்கியது. பிறகு பிரஷர் ஏறியது. ஏழாம் மாதத்தில் ஆசுபத்திரியில் பிள்ளையை எடுத்தார்கள். ஆண்பிள்ளை. அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்து ஜெனிஸ்டன் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு நாள் இருந்தான்.

உப்புத்தான் காரணம் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஊர்ப் பெண்கள்தான் காரணம் கண்டுபிடித்தார்கள். இடிந்த வீட்டைக் கட்ட வயிற்றுப் பிள்ளையோடு கல் சுமந்தாளே, அதுதான் என்றார்கள். பீற்றிஸ் அதை அப்படியே எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "நான் கல்லுச் சுமந்துதான் அவனச் சாகக் குடுத்தன்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அதன்பின் அவளுக்குப் பிள்ளை உண்டாகவில்லை.

பதினாறு வருசம் போனது. மழை மெல்ல மெல்லக் கிணறுகளைக் கழுவிவிட்டது. ஒருநாள் அரசாங்கத் தண்ணீர்க் கந்தோரில் வேலை பார்க்கும் ஸுஹைனா என்றொரு இளம் பிள்ளை கிணறு அளக்க வந்தாள். தங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், உள்ள கிணறுகளைக் காட்டச் செபஸ்தியாம்பிள்ளை கூடப் போனார். அவருடைய வீட்டுக் கிணற்றுக்குள் அவள் உப்பு அளக்கும் கருவி ஒன்றை வயரில் கட்டி இறக்கினாள். மேல் தண்ணீர் நல்லது என்று கருவி காட்டியது. இன்னும் இறக்கினாள். கீழே உப்பு. அதெப்படி ஒரே கிணற்றில் இரண்டு தண்ணீர் என்று அவர் கேட்டுவிட்டார்.

எதைக் கேட்டாலும் உலகம் உண்டான நாளிலிருந்து தொடங்குகிற பிள்ளை அவள். கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்று சொல்லத் தொடங்கினாள். நானூற்றைம்பது கோடி வருசத்துக்கு முன்னர், சூரியனைச் சுற்றித் திரிந்த தூசும் கல்லும் மோதி மோதி ஒட்டிச் சேர்ந்ததுதான் இந்தப் பூமி. முதலில் நெருப்புக் குழம்பு. அதில் பாரமான இரும்பு அடிக்குப் போனது, இலேசான கல் மேலே மிதந்து தோலாக இறுகியது. உள்ளிருந்து வந்த ஆவியும், வானத்திலிருந்து விழுந்த கற்கள் கொண்டுவந்த ஈரமும் மழையாகக் கொட்டிப் பள்ளமெல்லாம் கடலாயிற்று. கல்லிலிருந்த உப்பு கரைந்து கடல் கரித்தது. சூரியனுக்கு மிகவும் கிட்ட இருந்திருந்தால் அந்தக் கடல் கொதித்தே போயிருக்கும். மிகவும் எட்ட இருந்திருந்தால் உறைந்திருக்கும். நடுவில் அகப்பட்டதால் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது, அதற்குள் உயிர் வந்தது.

"ஆனா அவ்வளவு தண்ணியும் உப்பு ஐயா. நாம குடிக்கக்கூடியது துளியூண்டு. உங்கட ஊருக்கு அதுவும் மழை தந்தது மட்டுந்தான். மணலுக்குள்ள இறங்கி, உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு கிடக்கு. பாரமானது கீழ, லேசானது மேல. பூமி உண்டாகக்குள்ளயும் அதுதான், இந்தக் கிணத்துக்குள்ளயும் அதுதான்."

"இதில நல்ல தண்ணி எவ்வளவு கிடக்கு மகள்?"

அவள் வயரைப் பார்த்து நாலரை அடி என்றாள். செபஸ்தியாம்பிள்ளை கையை மடக்கி அளந்து பார்த்தார். மூன்று முழம்.

"முழுக்க இறைச்சா என்ன நடக்கும்?"

"மேல ஒரு அடி குறைஞ்சா, கீழ உப்பு நாப்பது அடி ஏறப் பாக்கும். முழுக்க இறைக்கிறதெண்டா உப்பக் கையப் புடிச்சுக் கூட்டி வாறதுதான். சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கம் கன கிணறு அப்பிடித்தான் கெட்டுப் போச்சு. சும்மா விட்டிருந்தா மாரி மழை கெதியாக் கழுவியிருக்கும். இறைச்சவங்களும் நல்லதெண்டு நினைச்சுத்தான் இறைச்சிருப்பாங்க."

யார் இறைத்தது என்று அவளுக்குத் தெரியாது. அவர் ஓம் என்றார். வயரைச் சுருட்டிக் கொடுத்தார். அவள் போனபிறகு அந்தக் கிணற்றுக் கட்டிலேயே பின்னேரம் வரை இருந்தார். ஒன்பது தடவை. மேலதிகமாக இரண்டு கொட்டு. அந்தத் தண்ணீரைத்தான் பீற்றிஸ் வாளி வாளியாக அள்ளிக் குடித்தாள்.

அன்றே பீற்றிஸிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இடுப்பு நாரி நோகிறது என்று பம்பை மூலையில் போட்டார். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நாலு வருசத்தை ஓட்டினார். அவளோ கல்லுச் சுமந்த கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இதைக் கோழைத்தனம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

போன கார்த்திகையில் பெரிய வெள்ளம். வாவி ஒழுங்கைக்குள் ஏறி, கடற்பக்கமிருந்தும் தண்ணீர் தள்ளி, கிணறுகளை மூடியது. குழாய்த் தண்ணீரும் நின்றது. வெள்ளம் வடியத் தொடங்கியதும், அயல்வீட்டுப் பிறின்ஸ் மூன்று பம்புகளோடு செபஸ்தியாம்பிள்ளையின் முற்றத்துக்கு வந்தான். பின்னால் ஒழுங்கைச் சனம். அவன் மனைவி சுலக்ஷனா ஆறு மாத வயிற்றோடு வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பீற்றிஸ் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்க சும்மா நிண்டு சொன்னாப் போதும். இண்டைக்கே எல்லாக் கிணத்தையும் இறைச்சுப் போடுவம்" என்றான் பிறின்ஸ்.

"இறைக்க வேணாம்" என்றார் அவர். "மேல மிதக்கிற ஊத்தைய வாளியால அள்ளுங்க. குளோரின் போட்டு, கொதிக்க வச்சுக் குடிங்க. கரிச்சா அதக் குடிக்கவே வேணாம், எங்கேயிருந்தெண்டாலும் பவுசரக் கூப்பிடுங்க. மிச்சத்த மழை பாத்துக்கொள்ளும்."

"இதென்ன கதை மாமா? சுனாமிக்கு நீங்கதானே ஊர்க் கிணறு முழுக்க இறைச்ச?"

சனம் சிரித்தது. மனிதருக்கு வயது போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். ஒருவன் ஹோஸைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டான். செபஸ்தியாம்பிள்ளை சுலக்ஷனாவைப் பார்த்தார். பிறகு பீற்றிஸ் நின்ற பக்கம் பாராமல் சொன்னார்.

"ஓம், நான்தான் இறைச்ச. இறைக்க இறைக்கக் கீழ கிடந்த உப்ப மேல எடுத்தது நான்தான். அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் இவக்குப் பிரஷர் ஏறின. என்ட புள்ளைய நான்தான் சாகக் குடுத்த. அவ கல்லுச் சுமந்ததால இல்ல. பிறின்ஸ், உன்ட புள்ளைக்கும் அதைச் செய்யாத."

பிறின்ஸ் தானே போய் ஹோஸை வெளியே இழுத்துச் சுருட்டினான். ஒவ்வொருவராகப் போனார்கள். அந்த ஒழுங்கையில் ஒரு கிணறும் இறைபடவில்லை.

பீற்றிஸ் கோப்பைகளைக் கழுவி அடுக்கி முடித்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நாலு வரிசம்."

"நாலு வரிசமா, மரிச்சவங்கட நாள் வந்தா என்னச் சைக்கிள்ல ஏத்திக்கொண்டு சேமக்காலைக்கு, அவன்ட குழிக்குப் போறீங்க. நான் முழங்கால்ல நிண்டு, அம்மாவ மன்னிச்சுக்க மகன் எண்டு அழக்குள்ள, பக்கத்தில நிண்டு மெழுகுதிரி பத்தவைக்கிறீங்க. கேட்டுக்கொண்டுதானே நிண்டீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இறைத்ததை அவள் மன்னித்திருப்பாள், அது அறியாமல் செய்தது. இது அறிந்தே செய்தது.

பின்னேரம் அவள் தனியாகச் சேமக்காலைக்குப் புறப்பட்டாள். ரோட்டில் இன்னும் முழங்காலளவு தண்ணீர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். அவர் படலைவரை போய் நின்றார். கூப்பிடத் துணிவில்லை. பொழுது படும் நேரத்தில் திரும்பி வந்தவள், காலைக் கழுவிவிட்டு அவரைக் கடந்து உள்ளே போகும்போது சொன்னாள்.

"இனி என்னால ஒருவரிட்டயும் மன்னிப்புக் கேக்க ஏலாது எண்டு அவனிட்டச் சொல்லிற்று வந்திருக்கன். உங்களுக்கு வேணுமெண்டா நீங்க போய்க் கேளுங்க. தனியப் போங்க."