கழுவிய கட்டைவிரல்

ஒரு சிவப்பு பிளாஸ்டிக் குவளை, அதில் பாதித் தண்ணீர். திண்டிவனத்துக்கு மேற்கே ஓர் ஏரிக்கரையில், ஜீப்பின் நிழலில் நின்று மூட்டக்கார அக்கா தன் கட்டைவிரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கரி மூட்டம் போட்டே இருபது வருடம் ஓட்டியவள். ரேகைக்குள் ஏறிய கறுப்பு போகவில்லை. “மை எதுக்கு சார், எங்கையிலயே கீதே. அப்படியே வெச்சிட்றேன்” என்றாள். ஜீப்பில் வந்த அதிகாரி சிரிக்கவில்லை. “கறை பட்டா ரெக்கார்டு கெட்டுடும். நல்லா கழுவிட்டு வாம்மா” என்றார்.

நான்கு வழிச் சாலை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, போர்வெல் லாரி, கரும்பு வெட்டு, தார் ரோடு என்று சோறு கிடைத்த இடத்தில் படுத்துக்கொண்டிருந்த நான், அப்போது அக்காவிடம் வேலைக்கு இருந்தேன். ஏரிக்குள் மண்டிய வேலிக்காத்தானை, அதாவது சீமைக்கருவேலத்தை, நான் வெட்டிப் போடுவேன். அவள் கட்டைகளை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, ஈரமண் பூசித் தீ வைப்பாள். உள்ளே காற்று ஏறினால் எல்லாம் சாம்பல். புகையின் நிறத்தைப் பார்த்தே எந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று சொல்வாள். எங்கள் இருவருக்கும் இருமல் ஓய்ந்ததே இல்லை. நிலமில்லாத ஆறு குடும்பங்கள் அந்த ஏரியை நம்பித்தான் உலை வைத்தன. “வெட்டுனா தழையுது, தழைஞ்சா வெட்டறோம். ஏரி நம்மள வெச்சிக்கினு கீது” என்பாள்.

அன்று வந்த தாளை அவளுக்குப் படித்துக் காட்டியவன் நான்தான். ‘கரி உமிழ்வுக் குறைப்புத் திட்டம்’ என்று மேலே தடித்த எழுத்து. கீழே பக்கம் முழுக்க அரசாங்கத் தமிழ். உமிழ்வு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது; தெரியாது என்று சொல்ல வெட்கம். கரி தெரியும். சாக்கில் கட்டி லாரியில் ஏற்றுகிற எங்கள் கரி. “கரியக் கொறைக்கச் சொல்றாங்கக்கா” என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். “அவ்ளோதானே சார்? மாசம் அஞ்சு மூட்டம் போட்றேன், மூணாக்கிக்கிறேன். கவர்மெண்டே வந்து கேக்குது, மாட்டேன்னா சொல்றது?” என்றாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “சரி சரி, வைம்மா” என்றார். உலகம் சூடாகிறது, ஏரியில் மரம் வளர்க்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னார். அவ்வளவு நேரமும் அந்த ஜீப் எஞ்சினை நிறுத்தாமல் புகைவிட்டுக்கொண்டு நின்றது.

அடுத்த வாரம் பொக்லைன் வந்தது. வேலிக்காத்தானோடு, அக்கா பாதி அடுக்கியிருந்த மூட்டத்தையும் வாரித் தள்ளியது. “ரெண்டு மூட்டந்தானே சார் கொறைக்கிறேன்னேன்” என்று பின்னால் வந்த ஜீப்பை நோக்கி ஓடினாள். “ஏரிக்குள்ள காலே வெக்க மாட்டேன்னு நீதானேம்மா கைநாட்டு வெச்சே” என்றார் அதிகாரி. அவள் என்னைத் திட்டவில்லை. “இன்னா தம்பி, படிக்கத்தானே உங்கையில குடுத்தேன்” என்றாள்.

என் தப்பு என்னோடு இருக்கட்டும். அவள் தப்பாகப் புரிந்துகொண்டாள் என்பது அந்த அதிகாரிக்கு அப்போதே தெரியும், வாய் திறக்கவில்லை. வெயில் ஏறியிருக்கிறது என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கொதிக்கும் தாரைச் சித்திரை வெயிலில் கொட்டியவன் நான். புகையைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் குறைப்பதை எங்கிருந்து தொடங்கினார்கள்? விழுப்புரம் வரை சாலையோரப் புளியமரங்களைச் சாய்த்தபோது யாரிடம் கைநாட்டு வாங்கினார்கள்? அந்தச் சாலையில் இரவும் பகலும் கார் பறக்கிறது. அந்தப் புகையைக் குறைக்கச் சொல்லி ஒருவரையும் நிறுத்தித் தாள் நீட்டியதை நான் பார்த்ததில்லை. ஏரியில் நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வரவில்லை. இரண்டாம் கோடையில் எல்லாம் காய்ந்தன. வேலிக்காத்தான் மட்டும் வேரிலிருந்து மறுபடி தழைத்தது. ஏரியைச் சுற்றிப் போட்ட கம்பிவேலியைத்தான் எடுக்கவில்லை.

சில வருடம் கழித்து, புறவழிச் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் அக்காவைப் பார்த்தேன். எச்சில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோழி சுடும் அடுப்புக்காகக் கரி மூட்டைகள். ராமநாதபுரத்திலிருந்து லாரியில் வருகிறதாம். ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பார்த்து, “வேகவே இல்ல. இன்னும் ஒருநாள் உட்டிருக்கணும். பேஜாரு புடிச்ச கரி” என்றாள். பிறகு தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய கட்டைவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“பாரு தம்பி, கறையே இல்ல. இப்ப வரச் சொல்லு அந்த ஆள. ரெக்கார்டு கெடாது.”