கவிழ்த்து வைத்த கிளாஸ்

சர்ச்சுக்கு எதிரே இருந்த ஷர்லியின் பாரை மூட வைத்தவள் வெர்னாதான். தெருவுக்கு ஒரு பார் இருக்கும் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பாரை மூடச் சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. புருஷன் எல்ராய் மாட்டுக்கொட்டகை வேலை முடிந்ததும் நேரே அங்கே போய் உட்காருவான், பிறகு தள்ளாடி நடந்து வீடு வந்து சேருவான். அவன் குடியை விட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

"ஏண்டி, உன் புருஷன் குடிக்கிறான்னு என் பொழப்புல மண்ணைப் போடுறியே!" என்றாள் ஷர்லி.

"உன் கடை இல்லாட்டி அவன் எங்க போய்க் குடிப்பான்?"

"அவனுக்கு வெறும் காலு மட்டுமா இருக்கு? வண்டியும் இருக்குடி."

வெர்னா காதில் வாங்கவில்லை. ஷர்லியின் லைசென்ஸ் புதுப்பிக்கப்படவில்லை.

ஒரு வாரம் எல்ராய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தான். வெர்னாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்த வாரம் அவன் பிக்கப் வண்டியின் சாவியை எடுத்தான். ஏரிக்கு அந்தப் பக்கம் இன்னொரு பார் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு குடிச்சிட்டு வந்துடுறேன்."

"உன் ஒண்ணு எனக்குத் தெரியாதா?"

அங்கே ஒன்றோடு எழுந்து வரவும் முடியாது. யாராவது தன் காசில் நமக்கு ஒரு ரவுண்டு சொன்னால், அடுத்த குடி நமக்குப் பாக்கி என்பதற்கு அடையாளமாக நம் முன்னால் ஒரு சின்ன கிளாஸைக் கவிழ்த்து வைப்பார்கள். அதைக் குடிக்காமல் போவது சொன்னவன் முகத்தில் அடிப்பது மாதிரி. எல்ராய் முன்னால் கிளாஸ் சேர்ந்தால் ஷர்லி, "மிச்சம் நாளைக்கு, நடையைக் கட்டு" என்று எடுத்து வைத்துவிடுவாள். ஏரிப் பக்கத்தில் அவனுக்கு அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஒரு ஞாயிறு மதியம் ஃபுட்பால் ஆட்டத்தில் எங்கள் அணி ஜெயித்தது. ஆளாளுக்கு ரவுண்டு சொன்னார்கள். எல்ராய் மரியாதைக்காரன், பாவி, ஒன்றைக்கூட விடவில்லை. திரும்பும்போது ஏரி வளைவில் வண்டி மரத்தில் மோதியது. அங்கேயே உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்து சர்ச்சில் சாப்பாடு. ஷர்லி வந்து எதிரே உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று வெர்னா காத்திருந்தாள். அவளோ பையிலிருந்து ஒரு சின்ன கிளாஸை எடுத்து மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"கடை மூடின கடைசி நாள் அவனுக்கு வந்தது. நாளைக்குக் குடின்னு எடுத்து வெச்சேன்."

வெர்னா உடைந்துபோனாள். "நான்தாண்டி அவனை வண்டியில ஏத்தி அனுப்பினேன். நீ கடையைத் திற ஷர்லி. கூட்டத்துல நானே கேக்குறேன்."

"திறக்கலாம்டி," என்றாள் ஷர்லி. "மத்தவன் எல்லாம் வண்டியிலதான் வருவான். என் கடையில இருந்து நடந்து வீட்டுக்குப் போனவன் அவன் ஒருத்தன்தான். அவனே போயிட்டானே."