ஃபேமிலி டேயில் மலேயாத் தாத்தா

தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று போன வாரம் டாக்டரிடம் போனேன். நெஞ்சுவலிதான் இடம் மாறி வந்திருக்கிறதோ என்று அதற்கு முன்பே இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் சிரித்துவிட்டு, தினமும் கையைத் தூக்கி இறக்கச் சொன்னார். மொட்டைமாடியில் தூக்கினேன். வாய் தானாக “இச்சி, நி, சான், சி” என்றது.

“யாரப்பா திட்டுற?” என்றாள் மகள்.

ஜப்பான்காரர்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கை அப்படித்தான் எண்ணுவார்கள். ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் நான் சேர்ந்த புதிதில், ஷிப்ட் தொடங்கும் முன் பாட்டுப் போட்டு எல்லோரையும் கைகாலை ஆட்ட வைப்பார்கள். எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்தால் நான் வலப்பக்கம் சாய்ந்து அடுத்தவன் மூக்கில் இடிப்பேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் வேறென்ன செய்வேன்? பேக்கிங்கில் டிரெய்னி. பர்மனென்ட்டா, வீட்டுக்கா என்பது அடுத்த மாதம் தெரியும். சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட வேலை போய்விடும் என்று பயந்த காலம்.

வீட்டில் தாத்தாவுக்கு நேர்மாறான பயம்: வேலை கிடைத்துவிடுமே என்று.

தாத்தா பிறந்தது மலேயா ரப்பர் தோட்டத்தில். மீசை அரும்பும் வயதில், உலகச் சண்டையில் மலேயாவைப் பிடித்த ஜப்பான்காரர்கள் அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், இப்போது தாய்லாந்து என்கிற சயாம் காட்டில் ரயில்பாதை போட வைத்தார்கள். காலரா, பட்டினி, அடி. அந்த லாரியில் போனவர்கள் முப்பத்திரண்டு பேர், திரும்பியது மூன்று. சண்டை முடிந்து கப்பலேறி, முன்பின் பார்த்திராத பூர்விக ஊரான வல்லம் வடகாலுக்கு வந்து மலேயாத் தாத்தா ஆனார். எங்களுக்கு அவர் விரும்பிச் சொன்னது ஜப்பான் அதிகாரியின் கோழியைத் திருடித் தின்ற கதை மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் கோழி பெருத்து, கடைசியில் ஆட்டுக்குட்டி அளவுக்கு வந்துவிட்டது.

“வாணாம்டா. அவங்கிட்ட போறவன் வூட்டுக்குத் திரும்ப மாட்டான்.”

“கேண்டீன்ல முட்ட போடுறாங்க தாத்தா.”

“எங்களுக்கும் மொத நாளு முட்ட போட்டான்டா.”

குடும்பத்தாரை உள்ளே விட்டுச் சுற்றிக்காட்டும் ஃபேமிலி டே வந்தது. கண்ணால் பார்த்தால் தெளிவார் என்று கூட்டிப்போனேன். கேட்டைத் தாண்டியதும்தான் எனக்கு அது உறைத்தது. ஜப்பான் மேனேஜரைப் பார்த்து ஏதாவது வைதுவிட்டால்?

வையவில்லை. பாட்டுப் போட்டார்கள். எண்பத்தைந்து வயது தாத்தா வேட்டியை மடித்துக் கட்டி வரிசையில் நின்று, “இச்சி! நி!” என்று கத்தியபடி ஓர் அசைவு பிசகாமல் செய்தார்.

திருநெல்வேலிக்கார சூப்பர்வைசர் என் காதருகே வந்தார். “ஏலே, உன்னைய விட உங்க தாத்தா நல்லா பண்ணுதாரு. பேசாம அவரையே பர்மனென்ட் பண்ணிருவமா?”

மேனேஜர், மொழிபெயர்க்கும் பெண்ணோடு வந்துவிட்டார். “எங்க கத்துக்கிட்டீங்கன்னு சார் கேக்குறாரு தாத்தா.”

“சயாம்ல ரயிலு போட்டோம்மா. அவுரு ஆளுங்கதான் கத்துக்குடுத்தாங்கனு சொல்லு. தப்பா பண்ணா ஒத.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சொல்லிவிட்டாள்.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. இடுப்பு வரை குனிந்தார். அந்தக் காலத்தில் ஜப்பான்காரன் எதிரில் குனியாவிட்டால் அறை விழுமாம். தாத்தா பதறி அவரைவிடத் தாழக் குனிந்தார். மேனேஜர் அதைவிடத் தாழ்ந்தார். தாத்தா இன்னும். விட்டால் இருவரும் தரையில் படுத்துவிடுவார்கள்.

“நிமிரு தாத்தா!”

“மொதல்ல அவன நிமிரச் சொல்லுடா. இடுப்பு புடிச்சிக்கிச்சி.”

நானும் சூப்பர்வைசரும் சேர்ந்து தாத்தாவை நிமிர்த்தினோம். மேனேஜர் நிமிராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் பர்மனென்ட் ஆனேன். “நான் குனிஞ்சதுல கெடச்ச வேல” என்று தாத்தா ஊரெல்லாம் சொன்னார். வேலையை விடச் சொல்வதை நிறுத்திவிட்டார். ஆனால் தினமும் கம்பெனி பஸ் வரும் நேரத்துக்குத் தெருமுனையில் நின்றார்.

“எத்தினி பேரு போனீங்க?”

“நாப்பது.”

“எத்தினி பேரு வந்தீங்க?”

“நாப்பதும் வந்துட்டோம் தாத்தா.”

அப்புறம்தான் சாப்பிடப் போவார். ஒருநாள் விளையாட்டாக “முப்பத்தொம்போது” என்றேன். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒருத்தன் ஓ.டி. பார்க்கிறான், அவ்வளவுதான் என்று சத்தியம் செய்து எழுப்ப வேண்டியதாயிற்று.

தாத்தா போய்விட்டார். மேனேஜர் தன் ஊருக்குத் திரும்பினார். பாட்டையும் நிறுத்திவிட்டார்கள். நேற்று பஸ்ஸில் முப்பத்தெட்டுப் பேர் போனோம், முப்பத்தெட்டுப் பேரும் வந்துவிட்டோம். சொல்வதற்குத் தெருமுனையில் ஆளில்லை.